ஒரு கை உடைந்தால் முழுக் கண்ணாடியும் குப்பைக்கா?

கண்ணாடிக் கடைகளில் நாள்தோறும் கேட்கிற பேச்சு இது. கை உடைந்த மூக்குக்கண்ணாடியை ஒருவர் நீட்டுவார். “இந்த மாடலுக்கு சைடு வர்றதில்லைங்க, பிரேமையே மாத்திடுங்க” என்பார் கடைக்காரர். சரி, பிரேம் மட்டும்தானே என்று பார்த்தால், பழைய லென்ஸ் புதுப் பிரேமில் உட்காராது. அது பழைய பிரேமின் வளைவுக்கென்று வெட்டியது. ஆகவே லென்ஸும் புதிதாகப் போட வேண்டும். உடைந்தது என்னவோ காதில் மாட்டும் ஒரு கை மட்டும்தான். கீறல்கூட விழாத இரண்டு லென்ஸ்கள், கோணாத மூக்குப் பாலம், முழுசாக இருக்கும் இன்னொரு கை எல்லாம் அதோடு சேர்ந்து வீணாகின்றன. கடைக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மாற்றிப் போட அவரிடம் வேறு கை இல்லை. அந்த மாடலின் கை அவருக்கு எங்கும் கிடைக்கப்போவதும் இல்லை.

கண்ணாடி என்றால் அப்படித்தான் என்று நாம் பழகிவிட்டோம். அப்படி இருந்தாக வேண்டிய அவசியமே இல்லை. கண்ணாடியின் உறுப்புகளைத் தனித்தனியாகக் கழற்றி மாற்றும்படி வடிவமைக்க முடியும். அதற்கான நுட்பத்தை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. பல இடங்களில் அது புழக்கத்தில் இருக்கிறது. இல்லாதது பொது அளவு. எந்தக் கம்பெனியின் பிரேமாக இருந்தாலும் அதன் கையும் கீலும் லென்ஸும் ஊர்க்கடையில் கிடைக்கிற மாற்றுப் பொருளோடு ஒத்துப்போக வேண்டும் என்ற உடன்பாடு இந்தத் தொழிலில் ஏற்படவே இல்லை. அது ஏற்படாதவரை, ‘கழற்றி மாட்டலாம்’ என்று சொல்லி விற்கப்படும் பிரேம்கள்கூட வாங்குகிறவரை ஒரே கம்பெனியோடு கட்டிப்போடுவதில்தான் போய் முடியும்.

ஒரு கண்ணாடியில் இருக்கும் எல்லாம் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. மூக்கின் இருபுறமும் உட்காரும் சிலிக்கான் நோஸ் பேடுகள் வியர்வையிலும் எண்ணெய்ப் பசையிலும் சில மாதங்களிலேயே மஞ்சளிக்கும். கீலின் திருகு தளரும். செல்லுலோஸ் அசிடேட்டில் செய்த தடித்த பிரேம் வெயிலும் வியர்வையும் பட்டுப் பட்டு, அதை இளக்கமாக வைத்திருக்கும் வேதிப்பொருளை இழந்து வெளிறிப்போகும், சுருங்கும். லென்ஸின் மேற்பூச்சு கீறும். இவை தேய்மானக் கணக்கு. பவர் மாறுவது வேறு கணக்கு. வளரும் பிள்ளைகளின் கிட்டப்பார்வை கூடிக்கொண்டே போகும். ஆண்டுக்கொருமுறை, சிலருக்கு ஆறு மாதத்துக்கொருமுறை லென்ஸ் மாற்ற வேண்டியிருக்கும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து. பெரும்பாலும் +1.00 அளவில் தொடங்கி, அறுபது வயதை ஒட்டி +2.50 வரை போய் நிற்கும். அந்த இருபது ஆண்டுகளில் லென்ஸ் நாலைந்து முறை மாறும். நல்ல டைட்டானியம் பிரேமோ எஃகுப் பிரேமோ அத்தனை காலமும் தாங்கக்கூடியது. ஆனால் நாம் வாங்கும் பொருளில் சீக்கிரம் தேய்வதும் நெடுநாள் உழைப்பதும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கின்றன. எது முதலில் போகிறதோ அது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகிறது.

உங்கள் கண்ணாடியைக் கழற்றி, கையின் உட்புறத்தைப் பாருங்கள். 52, ஒரு சின்னச் சதுரம், 18, பிறகு 140 என்பதுபோல ஏதோ மூன்று எண்கள் பொறித்திருக்கும். லென்ஸின் அகலம் 52 மில்லிமீட்டர், இரண்டு லென்ஸுக்கும் நடுவே மூக்கின் மேல் உள்ள இடைவெளி 18, கையின் நீளம் 140 என்று அர்த்தம். உலகம் முழுக்க ஏறத்தாழ இதே முறைதான். ஆக, அளவுகளைப் பொதுவாக எழுதிவைக்க இந்தத் தொழிலுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எழுதியவை மூன்று மட்டும். லென்ஸின் வடிவம் என்ன, கீலில் எத்தனை பற்கள், அவற்றின் தடிமன் எவ்வளவு, திருகு 1.2 மி.மீ.யா, 1.4ஆ, 1.6ஆ என்று எங்கும் குறிப்பில்லை. ஒரே மாதிரி 52-18-140 என்று பொறித்த இரண்டு பிரேம்களை எடுத்து, ஒன்றின் கையை மற்றதில் மாட்டிப் பார்த்தால் பெரும்பாலும் பொருந்தாது. லென்ஸை மாற்றிப் போட முயன்றாலும் அதே கதைதான்.

லென்ஸ் எப்படி வெட்டப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தொழிற்கூடத்திலிருந்து கடைக்கு வருவது 65, 70 மி.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டு. பிரேமின் வளைவை ஒரு கருவி தடவிப் படித்துச் சொல்ல, வெட்டும் இயந்திரம் தட்டின் ஓரத்தை அந்த வடிவத்துக்கு அரைத்துத் தள்ளும். 70 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 3,850 சதுர மில்லிமீட்டர். அதிலிருந்து எடுக்கும் லென்ஸ் 50க்கு 40 மி.மீ. முழுச் செவ்வகமாகவே இருந்தாலும் 2,000 சதுர மில்லிமீட்டர்தான். அதாவது வாங்கிய பொருளில் கிட்டத்தட்ட பாதி பிளாஸ்டிக் தூளாகச் சாக்கடைக்கும் குப்பைக்கும் போகிறது. புதுப் பிரேமோடு வருகிற பவரில்லாத டெமோ லென்ஸ் ஜோடியும் ஃபிட்டிங் முடிந்ததும் குப்பைத்தொட்டியில் விழுகிறது. இவ்வளவு சேதாரத்துக்குப் பிறகு உருவான லென்ஸ் அந்த ஒரு பிரேமைத் தவிர வேறெதற்கும் உதவாது.

கண் பரிசோதிக்கும் அறையில் இருக்கிறது விடை

கழற்றி மாட்டும் கண்ணாடி எப்படி இருக்கும் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை. கண் பரிசோதனைக்குப் போன ஒவ்வொருவரும் அதை முகத்தில் மாட்டியிருக்கிறோம். ட்ரையல் பிரேம் என்று அதற்குப் பெயர். கனமான வட்ட உலோகச் சட்டம். முன்னால் வரிசையாகக் கவ்விகள். மேலே ஒரு திருகைத் திருப்பினால் இரு கண்களுக்கிடையே உள்ள தூரம் கூடும், குறையும். கைகளின் நீளத்தையும் மாற்றலாம். பக்கத்துப் பெட்டியில் இருநூறுக்கு மேற்பட்ட லென்ஸ்கள், பெரும்பாலும் எல்லாம் ஒரே 38 மி.மீ. வட்டம். பரிசோதகர் ஒன்றை எடுத்துச் செருகி, “இப்ப தெரியுதா?” என்பார், உடனே அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகுவார். சிதறல் பார்வையைத் திருத்தும் சிலிண்டர் பவருக்கு ஆக்ஸிஸ் கோணத்தைத் திருப்பிச் சரிபார்க்கச் சட்டத்தின் ஓரத்திலேயே டிகிரிக் கோடுகள் இருக்கும். ஆளுக்காள் மாறும் முகத்துக்கும், கண்ணுக்குக் கண் மாறும் பவருக்கும் ஒரே சட்டம் ஈடுகொடுக்கிறது. லென்ஸின் வெளிவிளிம்பை ஒரே அளவாக வைத்துக்கொண்டதுதான் அதன் இரகசியம். இதை நாள் முழுதும் மாட்டிக்கொண்டு திரிய முடியாது என்பது உண்மை. கனமும் அழகின்மையும் அதன் குறைகள். ஆனால் ‘ஒளியியல் ரீதியாக இது சாத்தியமில்லை’ என்று யாரேனும் சொன்னால், அந்த அறையைக் காட்டினால் போதும்.

விலை உயர்ந்த பிரேம்களிலும் இந்தச் சிந்தனை வெகுநாளாக இருக்கிறது. ஆஸ்திரியாவின் சில்லுவெட் நிறுவனம் 1999இல் கொண்டுவந்த டைட்டன் மினிமல் ஆர்ட் என்ற விளிம்பில்லாக் கண்ணாடியில் திருகும் இல்லை, கீலும் இல்லை, சட்டத்தின் எடை 1.8 கிராம். ஜெர்மனியின் ஐசி பெர்லின் பிரேமில் கை ஒரு தகட்டுக் கவ்வியில் மாட்டியிருக்கும். பலமாக இழுபட்டால் உடையாமல் கழன்று வரும், மறுபடி அழுத்தி மாட்டிக்கொள்ளலாம். விளையாட்டு வீரர்களுக்கென்று ஓக்லி விற்கும் கண்ணாடிகளில் வெயிலுக்கு ஒரு லென்ஸ், மேகமூட்டத்துக்கு ஒரு லென்ஸ் என்று கையாலேயே மாற்றிக்கொள்கிறார்கள். எல்லாம் மெச்சத்தக்க வேலைப்பாடு. ஆனால் ஒன்றின் கவ்வி இன்னொன்றின் சட்டத்தில் ஏறாது. அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டால் உதிரி உறுப்பும் மெல்ல மெல்லச் சந்தையிலிருந்து மறையும். கழற்ற முடிகிறது என்பது மட்டும் போதாது. கழற்றிய இடத்தில் வேறொருவர் செய்ததை மாட்ட முடிய வேண்டும்.

சைக்கிளை நினைத்துப் பாருங்கள். டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, பெடல் என்று எதைக் கேட்டாலும் எந்தச் சிற்றூரின் சைக்கிள் கடையிலும் கிடைக்கிறது. எந்தக் கம்பெனி வண்டி என்று கடைக்காரர் கேட்பதுகூட அபூர்வம். என்ன சைஸ் என்றுதான் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குள் சைக்கிளின் ஆயுளே அடங்கியிருக்கிறது. நாற்பது வருட வண்டிகள் இன்றும் ஓடுவதற்கு எஃகின் உறுதி மட்டும் காரணமில்லை. உறுப்புகளின் அளவு யாருக்கும் தனிச் சொத்தாக இல்லாததும் காரணம்.

கண்ணாடியில் அப்படிப்பட்ட முயற்சி நடக்காமல் இல்லை. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரைச் சேர்ந்த கணித, இயற்பியல் ஆசிரியர் மார்ட்டின் ஆஃப்முத், ஸ்பிரிங் எஃகுக் கம்பியை வளைத்துப் பிரேம் செய்யும் ஒரு கைக்கருவியை உருவாக்கினார். 30 சென்டிமீட்டர் பெட்டிக்குள் அடங்கும் அதற்கு மின்சாரம் வேண்டாம். உள்ளூர்ப் பெண்களும் ஆண்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு அதில் வேலை செய்கிறார்கள். முன்கூட்டியே வெட்டி வந்த பாலிகார்பனேட் லென்ஸைக் கம்பி வளையத்துக்குள் ‘கிளிக்’கென்று அழுத்தினால் கண்ணாடி தயார். பொருட்செலவு ஏறத்தாழ ஒரு டாலர் என்பதால் திட்டத்துக்கு ‘ஒரு டாலர் கண்ணாடி’ என்றே பெயர். 2012இல் அமைப்பாக உருவாகி, ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் இந்தியாவிலும் இயங்குகிறது. இன்னொரு பக்கம், உலகின் மிகப் பெரிய லென்ஸ் நிறுவனமான எஸ்ஸிலோரே ‘ரெடி டு கிளிப்’ என்ற முறையை வைத்திருக்கிறது. முன்பே வெட்டிய லென்ஸ்களை வலக்கண், இடக்கண் இரண்டுக்கும் மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம், முகாம் நடக்கும் இடத்திலேயே சில நிமிடங்களில் கண்ணாடியைக் கையில் கொடுத்துவிடலாம். ஏழைகளுக்கான திட்டத்தில் இது முடியுமென்றால், கடையில் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு ஏன் இல்லை? இந்தக் கேள்வியை நுகர்வோர்தான் கேட்க வேண்டும்.

பார்வையின் துல்லியம் கெடுமா?

இந்த யோசனைக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் முதலிடம் பெற வேண்டியது பார்வையின் துல்லியம் பற்றியது. கண் மருத்துவர்களும் ஆப்டோமெட்ரிஸ்டுகளும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. லென்ஸின் ஒளிமையம் கண்மணிக்கு நேராக இருக்க வேண்டும். விலகினால் லென்ஸ் பட்டகம்போல் வேலை செய்து ஒளியை வளைக்கும். எவ்வளவு வளைக்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: விலகிய தூரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்க வேண்டும். 4 டயாப்டர் லென்ஸ் 3 மி.மீ. விலகினால் 1.2 பட்டக அளவு. இரண்டு கண்ணிலும் சேர்ந்தால் தலைவலிக்கும், கண் களைக்கும். இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் வளர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு 55க்கும் 70 மி.மீ.க்கும் இடையில் எங்கோ இருக்கும், ஆளுக்காள் வேறுபடும். சிலிண்டர் பவர் உள்ளவர்களின் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. முழு வட்டமான லென்ஸ் சட்டத்துக்குள் சற்றே சுழன்றுவிடக்கூடும். ஆக்ஸிஸ் 10 டிகிரி திரும்பினால் திருத்தத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணாகும். 30 டிகிரி திரும்பினால் கண்ணாடி போட்டும் ஆரம்பத்தில் இருந்த அளவு சிதறல் அப்படியே எஞ்சும்.

நல்ல வடிவமைப்பு இந்த இடத்தில்தான் தன் பயனைக் காட்டும். லென்ஸை முழு வட்டமாக வைக்காமல், மேல்விளிம்பைச் சற்றே தட்டையாக்கினால் அது சட்டத்துக்குள் சுழல வழியே இல்லை. வலமும் இடமும் ஒன்றுபோல் இருக்கும் அந்த வடிவத்தை இரு கண்ணுக்கும் பயன்படுத்தலாம். மையப் பொருத்தத்துக்கு விடை மூக்குப் பாலத்தில் இருக்கிறது. ஒளிமையம் லென்ஸின் நட்டநடுவில் இருந்தால், இரண்டு மையங்களுக்கும் இடையிலான தூரம் ஒரு லென்ஸின் அகலத்தோடு பாலத்தின் அகலத்தைக் கூட்டியதற்குச் சமம். லென்ஸ் 44 மி.மீ., பாலம் 18 என்றால் 62. அதே லென்ஸோடு 16 மி.மீ. பாலம் போட்டால் 60; 20 போட்டால் 64. ஆகவே பாலத்தைத் தனி உறுப்பாகக் கழற்றி மாட்டும்படி செய்தால், லென்ஸைத் தொடாமலே ஒவ்வொருவரின் கண்ணிடைத் தூரத்துக்கும் நெருங்கி வந்துவிடலாம். 42, 44, 46 என்று மூன்று லென்ஸ் அகலமும் நாலைந்து பாலங்களும் இருந்தால் பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் பொருந்திவிடும். தனித்தனி உறுப்புகளாகப் பிரிப்பது துல்லியத்துக்கு எதிரி என்ற வாதம் இங்கே தலைகீழாகிறது. சாலையோரத்தில் விற்கும் வார்ப்புக் கண்ணாடியில் எல்லா முகத்துக்கும் ஒரே மைய தூரம். பிரித்து மாட்டும் கண்ணாடியில்தான் முகத்துக்கேற்ற தூரம் கிடைக்கும்.

நடைமுறையில் இதற்குச் சான்று இருக்கிறதா? பெங்களூரு பகுதிப் பள்ளிகளில், 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2017இல் ஜாமா ஆப்தால்மாலஜி இதழில் வெளியானது. ஒரு பிரிவுக்கு முன்கூட்டியே தயாரித்த ஆயத்தக் கண்ணாடி, இன்னொரு பிரிவுக்கு அளவெடுத்துச் செய்த கண்ணாடி. மூன்று நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பிரிவிலுமே ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குப் பிள்ளைகள் கண்ணாடி அணிந்துகொண்டிருந்தார்கள். சிலிண்டர் அதிகமுள்ளவர்களும், இரண்டு கண்ணுக்கும் பவர் வெகுவாக வேறுபடுகிறவர்களும் இப்படிப்பட்ட ஆயத்தக் கண்ணாடிக்கு ஏற்றவர்கள் அல்லர். அதை மறைக்க வேண்டியதில்லை. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாக உதவும் ப்ராக்ரஸிவ் லென்ஸ் போடுகிறவர்களுக்கும் கண்மணியின் உயரம்வரை அளந்து வெட்டித்தான் தர வேண்டும். பொது அளவு என்பது எல்லோர் முகத்திலும் ஒரே லென்ஸைத் திணிப்பது அல்ல. பெரும்பான்மையோருக்கு அது போதும். போதாதவர்களுக்குத் தனியாக வெட்டும் வழி திறந்தே இருக்கும். அவர்களுக்கும் கையும் கீலும் திருகும் பொது அளவில் கிடைத்தால் லாபம்தானே.

அடுத்தது அழகு. ஒரே வடிவத்தில் எல்லோரும் கண்ணாடி போட வேண்டுமா, முகம் என்ன சீருடையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இலவசக் கண்ணாடி அசிங்கமாக இருக்கிறது என்று பெட்டிக்குள் போட்டு வைக்கும் பிள்ளைகள் உண்டு. அணியாத கண்ணாடியால் யாருக்கும் பயனில்லை. இதற்கு விடை தொழிலுக்குள்ளேயே கிடக்கிறது. பிரேமின் வளைவைப் படிக்கும் கருவி அதை நூற்றுக்கணக்கான புள்ளிகளாகப் பதிகிறது. ஒரு கம்பெனியின் படிக்கும் கருவியும் இன்னொரு கம்பெனியின் வெட்டும் இயந்திரமும் பேசிக்கொள்ள, அமெரிக்காவின் விஷன் கவுன்சில் பராமரிக்கும் பொதுத் தரவு முறை ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. இயந்திரங்களுக்குள் பொது மொழி வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஒவ்வொரு மாடலின் வடிவக் கோப்பையும் மாடல் எண்ணோடு வெளியிடச் செய்தால், எந்த வடிவப் பிரேமாக இருந்தாலும் மாற்று லென்ஸை எந்த ஊரிலும் வெட்டி அஞ்சலில் அனுப்பலாம். பிரேமைக் கடையில் விட்டுவிட்டு ஒரு வாரம் கண்ணாடி இல்லாமல் தட்டுத்தடுமாற வேண்டியதில்லை. முன்சட்டத்தின் நிறமும் வடிவமும் ஆயிரம் விதமாக இருக்கட்டும். கீலில் மட்டும் ஒரே அளவு இருந்தால், வேலைக்கு ஒரு முகப்பு, விழாவுக்கு ஒரு முகப்பு என்று அதே கைகளில் மாட்டிக்கொள்ளலாம். பொது அளவால் அழகுக்கு வாய்ப்பு கூடுகிறதே தவிர, குறையவில்லை.

உறுதி பற்றிய கேள்வியும் உண்டு. இணைப்பு எத்தனை இருக்கிறதோ அத்தனை பலவீனம் என்பது பொதுவாகச் சரி. ஆனால் பிளாஸ்டிக்குக்குள் புதைத்த கீல் பிய்ந்து வந்தால் சரிசெய்ய முடியாது. கவ்வியில் மாட்டிய கை கழன்றால் திரும்ப மாட்டலாம். பிரேம்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12870, பிரேமை 500 முறை முறுக்கிப் பார்க்கும் தாங்குதிறன் சோதனையை வைத்திருக்கிறது. கழற்றி மாட்டும் பிரேமையும் அதே சோதனைக்கு உட்படுத்தினால் தீர்ந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் மறுதரப்பின் பக்கம்: வாயில் போட்டுக்கொள்ளும் வயதில் சின்ன உறுப்புகள் ஆபத்து, அவர்களுக்கு மென்மையான ஒற்றைத் துண்டுப் பிரேமே பாதுகாப்பு.

மலிவு யாருக்கு மலிவு?

“இருநூறு ரூபாய்க்குக் கண்ணாடி கிடைக்கும்போது உதிரி உறுப்பு எதற்கு?” என்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வலுவான வாதம். ஆனால் கண்ணாடி பலருக்குத் தொழிற்கருவி. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து நடத்திய ஆய்வு 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. பெறாதவர்களோடு ஒப்பிட, வெள்ளெழுத்துக் கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்து பறிப்பு 21.7 விழுக்காடு கூடியது. வங்காளதேசத்தில் நடந்த இன்னொரு ஆய்வு, 2024இல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் 33.4 விழுக்காடு கூடுதல் என்றது. இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி உடைந்து, அடுத்தது வாங்கும்வரை போகும் ஒவ்வொரு நாளும் கூலி குறைகிறது. மருத்துவமனை உள்ள ஊருக்குப் பேருந்தில் போய்வர ஒரு நாள் சம்பளம் போகிறது. விலைச்சீட்டில் உள்ள இருநூறு ரூபாய் உண்மையான விலை அல்ல. உடைந்த கையை உள்ளூரில் பத்து நிமிடத்தில் மாற்ற முடிந்தால் அதுதான் மலிவு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை அறிக்கைப்படி, வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி கிடைக்காமல் கிட்டத்துப் பொருள் தெரியாதவர்கள் மட்டும் 82.6 கோடிப் பேர். முதல் கண்ணாடி கொடுப்பதோடு இந்தக் கணக்கு முடிவதில்லை. அது உடைந்த பிறகு என்ன என்பதையும் கொடுக்கிறவர்கள் யோசித்தாக வேண்டும்.

கடைக்காரர்களின் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. பிரேமில் கிடைக்கும் லாபம்தான் பல சின்னக் கடைகளின் வாடகை. ஆனால் அவர்களை நெருக்குவது உதிரி உறுப்பு அல்ல. பிரேம், லென்ஸ், கடை மூன்றையும் ஒரே குடைக்குள் கொண்டுவரும் பெரிய நிறுவனங்களே நெருக்குகின்றன. 2018இல் இத்தாலியின் லக்ஸாட்டிகாவும் பிரான்சின் எஸ்ஸிலோரும் இணைந்து உருவான நிறுவனத்திடம் ரே-பான், ஓக்லி போன்ற பிராண்டுகளும் லென்ஸ் ஆலைகளும் கடைச் சங்கிலிகளும் அமெரிக்காவில் கண் காப்பீடும்கூட இருக்கின்றன. அப்படிப்பட்ட அமைப்புக்குப் பொது அளவைத் தானாகக் கொண்டுவரும் அவசரம் எதுவும் இராது. ஆனால் தெருமுனைக் கடைக்கோ, கையும் பாலமும் லென்ஸும் பொது அளவில் கிடைத்தால் பழுதுபார்க்கும் வேலை திரும்பி வரும். கண்ணாடியைச் சூடுகாட்டி வளைத்து, காதுக்குப் பின்னால் உறுத்தாமல் உட்காரவைக்கும் கைப்பழக்கம் இணையக் கடையிடம் கிடையாது. அது அவரிடம்தான் இருக்கிறது.

பொது அளவு சந்தையில் தானாக முளைக்காது என்றால் யார் கொண்டுவருவது? மொத்தமாக வாங்குகிறவர். நம் நாட்டில் அது அரசு. தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976 முதல் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி அதன் ஒரு பகுதி. தமிழ்நாட்டில் ‘கண்ணொளி காப்போம்’ என்ற பெயரிலேயே மாணவர்களின் கண்களைப் பரிசோதித்துக் கண்ணாடி வழங்கியிருக்கிறார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம்களில் பவர் பார்த்த இடத்திலேயே லென்ஸ் வெட்டிக் கண்ணாடி பொருத்திக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். ஊருக்குள் கொண்டுபோய்ச் செய்ய முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அரசுக் கொள்முதலின் டெண்டரில் சில வரிகள் சேர்த்தால் போதும். கீலுக்கும் திருகுக்கும் ஒரே அளவு. லென்ஸுக்கு மூன்று அகலம், ஒரே வடிவம். கழற்றி மாட்டும் பாலம். நூறு கண்ணாடிக்குப் பத்து ஜோடிக் கைகள் உபரியாக அந்தந்தப் பள்ளிக்கே. வரைபடம் யாரும் பயன்படுத்தும்படி பொதுவில். லட்சக்கணக்கில் கொள்முதல் வரும் என்று தெரிந்தால் உற்பத்தியாளர்கள் அச்சு செய்வார்கள். அச்சு செய்த பிறகு அதே உறுப்பு கடைக்கும் வரும்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசி மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. நான்கும் தேவையானவையே. ஆனால் அந்தப் பட்டியலில் கண்ணாடி இல்லை. டிராக்டர் வாங்காதவர்களும் கார் வாங்காதவர்களும் கோடிக்கணக்கில் உண்டு; நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு வெள்ளெழுத்து வராதவர் அரிது. ஐந்தாவது துறையாக மூக்குக்கண்ணாடியைச் சேர்ப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. கீல், திருகு, லென்ஸ் வடிவம் மூன்றுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் பொது அளவை வகுக்க வேண்டும். அடுத்த பள்ளிக் கண்ணாடி டெண்டரில் தமிழக அரசு அதை முதலில் நடைமுறைப்படுத்திக் காட்ட வேண்டும். அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அடுத்த முறை கண்ணாடி வாங்கும்போது, விலை பேசும் முன் “இதுக்குத் தனியா கை கிடைக்குமா?” என்று கேளுங்கள். கிடைக்காது என்றால், கிடைக்கிற பிரேமை வாங்குங்கள்.